நாலு பேர், ஒரு தடி

ஓர் அடிக்கு மேல் நீளமில்லாத ஒரு குழாய்த் தடி. உள்ளே ஒன்றும் கிடையாது; வெறும் காற்றுதான். எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். 50 கிராம் என்றால் என்ன பிரமாதம்? காசிமேட்டுக் கரையில் ஒரு கைப்பிடி நெத்திலி அள்ளினால் அந்தக் கனம் வந்துவிடும். இதைத் தூக்கிக்கொண்டு ஓட நாலு வாட்டசாட்டமான வாலிபர்கள் வேண்டுமா என்று ராயபுரத்துப் பாட்டி ஒருத்தி கேட்டால், அவளைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் 2023-ம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி இந்தச் சின்னத் தடிதான் உலகத்தை ஒரு முறை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹங்கேரி தேசத்தின் தலைநகரமான புடாபெஸ்டில், டான்யூப் நதிக் கரையில் கட்டிய புதிய மைதானத்தில், உலகத் தடகளப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆண்களுக்கான நாலு தரம் 400 மீட்டர் ரிலே ரேஸ். முதல் சுற்றில் அமெரிக்கா, பிரிட்டன், ஜமெய்க்கா, போட்ஸ்வானா ஆகிய ஜாம்பவான்களோடு ஒரே வரிசையில் இந்தியாவையும் நிறுத்தியிருந்தார்கள். ஜமெய்க்காவும் போட்ஸ்வானாவும் நிலப்பரப்பில் பெரியவையோ சிறியவையோ, இந்த ஓட்டத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகள். இந்தியா? கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு. பந்தியில் இடம் இருந்தால் உட்காரலாம்!

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றை முகம்மது அனஸ் ஓடினார். அவர் தடியைக் கொடுத்தபோது இந்தியா பின்னால்தான் இருந்தது. இரண்டாமவர் அமோஜ் ஜேக்கப். இவர் ஒருவரை, இன்னொருவரை, மற்றொருவரை என்று தாண்டிக்கொண்டு போய் இந்தியாவை முன்வரிசைக்குக் கொண்டு வந்தார். மூன்றாமவர் முகம்மது அஜ்மல் பிடித்த இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. கடைசிச் சுற்றில் தடியை வாங்கியவர் ராஜேஷ் ரமேஷ். அமெரிக்கர் முன்னே, அவர் முதுகை விடாமல் நம் ஆள் பின்னே. மற்ற ஜாம்பவான்கள் எல்லாரும் அதற்கும் பின்னே!

அமெரிக்கா 2 நிமிஷம் 58.47 விநாடி. இந்தியா 2 நிமிஷம் 59.05 விநாடி. வித்தியாசம் 0.58 விநாடி, ஏறக்குறைய ஐந்து மீட்டர். பிரிட்டனும் போட்ஸ்வானாவும் ஜமெய்க்காவும் நமக்குப் பின்னால்தான் கோட்டைத் தாண்டின. இந்தியா மட்டுமல்ல, ஆசியாவிலேயே எந்தத் தேசமும் அதுவரை இந்த வேகத்தில் ஓடியதில்லை. முந்திய வருஷம் ஜப்பான் வைத்திருந்த 2 நிமிஷம் 59.51 என்ற ஆசியச் சாதனை அன்றோடு பழங்கதையாயிற்று.

தடி மாறும் இடம்

இந்த ரேஸைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சற்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் சங்கதி புரியும்.

முதல் ஓட்டக்காரர் தமக்கென்று கோடு போட்ட பாதையிலேயே முழுச் சுற்றும் ஓட வேண்டும். இரண்டாமவர் முதல் வளைவு முடியும் வரையில் தம் பாதையில் ஓடுவார். அதற்குப் பிறகு வேலி கிடையாது. எல்லாரும் உள்பக்கத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். முழங்கை இடிக்கும், ஆணிச் செருப்பு கீறும். மூன்றாமவரும் நான்காமவரும் தடிக்காகக் காத்து நிற்பதிலும் ஒரு சட்டம் இருக்கிறது. ஓடி வருகிறவர்கள் பாதிச் சுற்றைக் கடக்கும்போது எந்த வரிசையில் வருகிறார்களோ, அதே வரிசையில்தான் இவர்கள் நிற்க வேண்டும். நடுவில் புகுந்து இடம் மாறக் கூடாது. ரேஷன் கடை வரிசையைக் காட்டிலும் கண்டிப்பு!

தடியை மாற்றிக்கொள்வதற்கு 20 மீட்டர் இடம் குறித்திருக்கிறார்கள். அதற்கு உள்ளேதான் கை மாற வேண்டும். கீழே விழுந்தால், கொடுக்க வந்தவரோ வாங்க நின்றவரோ, நழுவ விட்டவர்தான் எடுக்க வேண்டும். நூறு மீட்டர் ரிலேயில் வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓடுவார். இங்கே அது நடக்காது. ஏனென்றால், கொடுக்க வருகிறவர் 400 மீட்டரைத் தலைதெறிக்க ஓடி வந்தவர். கடைசி நூறு மீட்டரில் தசைகளுக்கு வேண்டிய பிராணவாயு போதாமல், கால்கள் நனைந்த வலை மாதிரி கனத்துப் போயிருக்கும். அவர் எத்தனை களைத்திருக்கிறார் என்பதை வாங்குகிறவர் கண்ணால் அளந்து பார்த்துத் தம் கால்களை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டு முன்னால் ஓடினால் தடி எட்டாது. தாமதித்தால் பின்னால் வருகிறவன் போய்விடுவான்.

துறைமுகத்தில் கண்டெய்னர் பெட்டிகள் வருவதற்கு முன்னே, முதுகில் மூட்டை சுமந்த காலத்துப் பெரியவர்கள் ராயபுரத்தில் இருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூட்டையைத் தூக்குவது பெரிய காரியமில்லை, அதைத் தோள் மாற்றுவதுதான் பெரிய காரியம் என்பார்கள். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறும் நேரமும் அப்படித்தான். ராத்திரி ஷிப்டுக்காரர் இயந்திரத்தைச் சரியான நிலையில் விட்டுப் போனால் காலை ஷிப்டுக்காரருக்கு நல்ல பொழுது. இல்லையென்றால், அன்று முழுவதும் அவருடைய வாயில் முன்னவர் பெயர்தான்!

'அஞ்சல் ஓட்டம்' என்று தமிழில் இதற்குப் பெயர் வைத்தவர் ஞானஸ்தர். ரயிலும் மோட்டாரும் வராத காலத்தில், சலங்கை கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தபால் பையோடு ஓடுவான். குறித்த இடத்தில் அடுத்தவன் காத்திருப்பான். பை கை மாறும். சலங்கைச் சத்தம் நிற்காது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தபாலுக்கே 'அஞ்சல்' என்றுதான் பெயர். அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கொல்லத்திலிருந்து வந்தவர்தான் புடாபெஸ்டில் முதல் சுற்று ஓடிய அனஸ்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குத்தான்.

2 நிமிஷம் 59.05 விநாடி என்றால் 179.05 விநாடி. நாலால் வகுத்தால் ஒருவருக்கு 44.76 விநாடி. ஆனால் அந்த நாளில் தனி ஓட்டத்தில் இந்தியாவின் தேசியச் சாதனை 45.21 விநாடி, 2019-ல் அனஸ் ஓடியது. 400 மீட்டரை 45 விநாடிக்குள் ஓடிய இந்தியரே அப்போது கிடையாது. பின்னே நாலு பேரும் சேர்ந்தபோது மட்டும் சராசரி 44.76 எப்படி வந்தது?

பாதி விடை எளிது. தனி ஓட்டத்தில் குனிந்து உட்கார்ந்து, வெடிச் சத்தம் கேட்டு, அசையாத உடம்பைக் கிளப்ப வேண்டும். ரிலேயில் முதல்வரைத் தவிர மற்ற மூவரும் ஓடிக்கொண்டே தடியை வாங்குகிறார்கள்; ஆளுக்கு அரை விநாடிக்குக் குறையாமல் மிச்சம். மீதிப் பாதி விடை கடிகாரத்தில் கிடைக்காது. தனியாக ஓடும்போது களைத்துப்போனால், நஷ்டம் தனக்கு மட்டும். தடி கையில் இருக்கும்போது அப்படி நினைக்க முடியாது. எதிரே கையை நீட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறானே!

அந்த நால்வரும் ஓடிய சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அகப்பட்ட பஸ்ஸுக்கு அந்த வேகம் வாய்த்தால், டிரைவர் திருவொற்றியூர்த் தியாகராஜருக்குத் தேங்காய் உடைப்பார்.

டிக்கெட் பரிசோதகர்

நால்வரில் மூவர் மலையாளக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அனஸ் கொல்லம், அஜ்மல் பாலக்காடு, இருவரும் கடற்படைக்காரர்கள். அமோஜ் டில்லியில் வளர்ந்தவர். கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ் நம்மவர். திருவாரூர் மாவட்டத்துப் பேரளம்காரர். பயிற்சி அளித்தவரோ ஜமெய்க்கா தேசத்து ஜேசன் டாசன். அந்த ஜமெய்க்காவையே அன்றைக்கு நம் பிள்ளைகள் பின்னால் விட்டார்கள் என்பது வாத்தியாருக்குச் சந்தோஷமா, சங்கடமா என்று கேட்கத் தோன்றுகிறது!

ராஜேஷின் உத்தியோகம் என்ன தெரியுமா? தெற்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். திருச்சி ரயில் நிலையத்தில் நின்று பிரயாணிகளிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த கைதான், புடாபெஸ்டில் தடியை வாங்கிக்கொண்டு அமெரிக்கரைத் துரத்தியது. ராயபுரத்துக்காரர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி, ராயபுரம் நிலையத்திலிருந்துதானே வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது? அந்தப் பழைய கட்டடம் இன்னும் தூண்களோடு நிற்கிறது. அங்கே ஆரம்பித்த தண்டவாளத்தின் ஒரு கிளையில்தான் திருச்சியும் இருக்கிறது, பேரளமும் இருக்கிறது.

அறுபத்தொரு வருஷம்

எதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தல்ஜித் சிங், ஜகதீஷ் சிங், மக்கன் சிங், மில்கா சிங் ஆகிய நால்வர் இதே ரிலேயில் தங்கம் வாங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிஷம் 10.2 விநாடி. அதற்குப் பிறகு ஆண்கள் ரிலேயில் ஆசிய விளையாட்டுத் தங்கம் நமக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

2018-ல் மறுபடியும் ஜகார்த்தா. குஞ்ஞு முகம்மது, தருண் அய்யாசாமி, அனஸ், ஆரோக்கிய ராஜீவ். இவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள்: தருண் திருப்பூர்ப் பக்கம், ராணுவத்தில் இருந்த ராஜீவ் திருச்சிப் பக்கம். 3 நிமிஷம் 1.85 விநாடியில் வெள்ளி கிடைத்தது. தங்கத்தைக் கத்தார் கொண்டுபோயிற்று.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அனஸ், நோவா நிர்மல் டாம், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் நால்வரும் 3 நிமிஷம் 0.25 விநாடியில் ஓடிக் கத்தாரின் ஆசியச் சாதனையை முறியடித்தார்கள். அப்படியும் இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. மொத்தத்தில் ஒன்பதாம் இடம்; இறுதிக்கு எட்டுப் பேர்! ஆசியாவிலேயே அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் ஓடிவிட்டு, கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்த அந்தப் பிள்ளைகளின் மனசு எப்படி இருந்திருக்கும்? இரண்டே வருஷத்தில் அந்த நேரத்திலிருந்து இன்னும் 1.20 விநாடியைச் செதுக்கித் தள்ளினார்கள் என்பதுதான் அதற்குப் பதில்.

புடாபெஸ்டில் மறுநாள் இறுதிப் போட்டி. நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் உலகத் தங்கம் வாங்கிய அதே ராத்திரி. அமெரிக்கா முதல், பிரான்ஸ் இரண்டு, பிரிட்டன் மூன்று, ஜமெய்க்கா நான்கு. இந்தியா 2 நிமிஷம் 59.92 விநாடியில் ஐந்தாவது. முந்தின நாள் அமெரிக்காவுக்கும் நமக்கும் இருந்த இடைவெளி 0.58 விநாடி என்று பார்த்தோம் அல்லவா? அன்று ஜமெய்க்காவுக்கும் நமக்கும் இருந்த இடைவெளியும் அதே 0.58 விநாடி! முந்தின நாள் ஓடிய வேகத்தை இரண்டாம் நாளும் ஓடியிருந்தால் நான்காம் இடம் நமக்குத்தான். ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து அப்படி ஓடுவது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்பதை ஓடிய கால்கள்தான் சொல்ல வேண்டும். பெரிய தேசங்கள் முதல் நாளைக்கு வேறு ஆட்களை ஓடவிட்டுத் தங்கள் குதிரைகளை இறுதிக்கென்று பத்திரப்படுத்த முடியும். நமக்கு இரண்டு நாளும் அதே நாலு பேர்தான்.

அக்டோபர் 4-ந் தேதி சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. அனஸ், அமோஜ், அஜ்மல், ராஜேஷ். 3 நிமிஷம் 1.58 விநாடி. தங்கம்! கத்தாருக்கு வெள்ளி, இலங்கைக்கு வெண்கலம். மில்கா சிங் கோஷ்டிக்குப் பிறகு 61 வருஷம் காத்திருந்த தங்கம் அது.

பஹாமாஸில் நடந்தது

கதையை இந்த இடத்தில் சுபமாக முடித்துவிடலாம். ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லாவிட்டால் ரிலே ரேஸ் என்றால் என்ன என்பதையே சொல்லாமல் விட்டதாகும்.

2024 மே மாதம். பஹாமாஸ் தீவிலே உலக ரிலே பந்தயம். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டுமானால் இங்கே தகுதி பெற வேண்டும். முதல் நாள் இரண்டாம் சுற்றை ஓடியவர் ராஜேஷ். பாதி வழியில் கால் தசை பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார். மூன்றாமவர் தடிக்காகக் காத்திருந்தார், தடி வரவில்லை. முடிவுப் பட்டியலில் இந்தியாவுக்கு நேரே நேரம் கிடையாது. ஓட்டத்தை முடிக்கவில்லை என்ற குறிப்பு மட்டும்தான்.

எந்தக் கை ஆசியச் சாதனையைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்ததோ, அதே கையில் தடி நின்றுபோயிற்று. தனி ஓட்டமாக இருந்தால் ஓரமாக உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டு, தன்னைத் தானே நொந்துகொண்டு போய்விடலாம். இங்கே மூன்று பேருடைய வருஷக்கணக்கான உழைப்பும் அந்த ஒரு தசையோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது. அப்படி நிற்கிறவனுடைய தவிப்பைச் சொல்ல வார்த்தை ஏது?

மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. மூன்று பந்தயங்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடத்துக்கு ஒலிம்பிக்ஸ் சீட்டு. ராஜேஷ் ஓடும் நிலையில் இல்லை. யார் ஓடுவது? அழைப்பு வந்தது ஆரோக்கிய ராஜீவுக்கு. முப்பது வயதைத் தாண்டியவர். புடாபெஸ்டில் ஓடிய நால்வரில் அவர் இல்லை. ஹாங்சோவில் தங்கம் வாங்கிய நால்வரிலும் இல்லை. டோக்கியோவில் ஒரே ஒரு இடத்தில் இறுதியைத் தவறவிட்டவர். அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ் என்ற வரிசையில் ஓடி, 3 நிமிஷம் 3.23 விநாடியில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக வந்தார்கள். பாரிஸுக்குச் சீட்டு கிடைத்தது. பேரளத்துப் பிள்ளையின் காலில் நின்ற ஓட்டத்தைத் திருச்சிப் பக்கத்துக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் பாரிஸ். அங்கே தடியைச் சுமந்த நால்வரில் ராஜேஷும் ஒருவர்! "போன தடவை உன்னாலே நின்றுபோச்சே" என்று அவரை ஒதுக்கி வைக்கவில்லை. 3 நிமிஷம் 0.58 விநாடி ஓடினார்கள்; இறுதிக்குப் போக முடியவில்லை. இருந்தால் என்ன? பஹாமாஸில் நின்ற கால் பாரிஸில் ஓடி முடித்தது. பதக்கப் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் கிடையாதுதான்.

வடசென்னைத் தகப்பனாருக்கு

நம் வடசென்னைக்கு விளையாட்டு புதிதல்ல. குத்துச் சண்டை என்றால் ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் இன்றைக்கும் திண்ணைப் பேச்சு சூடு பிடிக்கும். கேரம் பலகையில் காய் தட்டிய செரியன் நகர்ப் பெண் காசிமா, 2024-ல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் தங்கங்களோடு திரும்பினாள். ஆனாலும் ஒரு பையன் வந்து, "அப்பா, நான் 400 மீட்டர் ஓடப் போகிறேன்" என்றால், தகப்பனார் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஓடினால் சோறு கிடைக்குமா?"

கேள்வியில் தப்பில்லை. ஷிப்டு வேலை பார்த்து, கடலுக்குப் போய், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்து வளர்ந்த தகப்பனார் வேறு எப்படிக் கேட்பார்? மேலே சொன்ன பெயர்களையே அவருக்குப் பதிலாகக் காட்டலாம். ஒருவர் ரயில்வே, ஒருவர் ராணுவம், இருவர் கடற்படை. ஓட்டம்தான் அவர்களுக்கு உத்தியோகமும் கொடுத்தது. அதே சமயம் பஹாமாஸையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தசை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கும். படிப்பையும் கைவிடக் கூடாது.

இன்னொரு சங்கதியையும் அவர் காதில் போடுங்கள். 2025 ஆகஸ்டு மாதம், ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் சிறு தூரத்திலிருக்கும் நேரு ஸ்டேடியத்தில், மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி நடந்தது. அதில் தமிழ்நாட்டு வாலிபர் விஷால் 400 மீட்டரை 45.12 விநாடியில் ஓடி, அனஸின் ஆறு வருஷத்துத் தேசியச் சாதனையை முறியடித்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு கொரியாவில் நடந்த ஆசியப் போட்டியில் ரிலே வெள்ளி வாங்கிய நால்வரிலும் அவர் இருந்தார். புதிய நால்வர், புடாபெஸ்டில் ஓடிய ஒருவர்கூட அவர்களில் இல்லை. தடி மட்டும் அதே ஓர் அடித் தடி.

போட்டிப் பட்டியல்களில் அவருடைய முழுப் பெயரை விஷால் தென்னரசு கயல்விழி என்று அச்சிடுகிறார்கள். அப்பா பெயர் ஒன்று, அம்மா பெயர் ஒன்று. எந்தத் தேசத்து அறிவிப்பாளரானாலும் அந்த இரண்டு பெயரையும் தட்டுத் தடுமாறியாவது உச்சரித்துத்தான் ஆக வேண்டும். முதல் தடியைக் கையில் கொடுத்தவர்கள் அவர்கள்தானே!